ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) இன்ஸ்டால் ஆகாமல் நின்றால் எங்கே பார்ப்பது?

ஆண்ட்ராய்டு 8 முதல், பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப்களை நிறுவும் அனுமதி போன் முழுவதற்கும் கிடையாது. ஏபிகே கோப்பைத் திறக்கும் ஆப்புக்கு மட்டும்தான். குரோமில் இறக்கினால் செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று தேடி, குரோமுக்கு மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். வாட்ஸப்புக்கு மட்டும் கொடுக்கவே வேண்டாம். டிராஃபிக் அபராதம் என்று சொல்லி வரும் போலி ஏபிகே அந்த வழியாகத்தான் நுழைகிறது. சென்னையில் வண்டி ஓட்டுபவர்கள் சட்டென்று நம்பிவிடக்கூடிய செய்தி அது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய புது சாம்சங்கில் அந்த அனுமதியே கொடுக்க முடியவில்லையா? ‘செக்யூரிட்டி அண்ட் பிரைவசி’யில் வெளி ஆப்களைத் தடுக்கும் ‘ஆட்டோ பிளாக்கர்’ ஆன் ஆகியிருக்கும். நிறுவும்வரை மட்டும் அணைத்து, பிறகு மறக்காமல் போட்டுவிடுங்கள்.

‘பேக்கேஜ் கான்ஃபிளிக்ட்’ என்று வந்தால் பெரும்பாலும் கையொப்பச் சிக்கல், அதாவது ஆப்பை வெளியிட்டவர் அதில் இடும் டிஜிட்டல் முத்திரை பொருந்தவில்லை. ஒரே ஆப்பானாலும் பிளே ஸ்டோர் பதிப்புக்கும் எஃப்-டிராய்டு (திறந்த மூல ஆப்களுக்கான தளம்) பதிப்புக்கும் கையொப்பம் வேறாக இருக்கலாம். ஒன்றின் மேல் மற்றது ஏறாது. தரவை பேக்கப் எடுத்து, பழையதை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

நிறுவிய பிறகும் ஆக்சசிபிலிட்டி அனுமதி மங்கலாகவே இருந்தால், அது ஆண்ட்ராய்டு 13-இல் வந்த தடை. ஒருமுறை அதைத் தொட்டு மறுப்புச் செய்தி வந்த பிறகே, ‘ஆப் இன்ஃபோ’வின் மூன்று புள்ளியில் ‘அலவ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்’ தெரியும். மூல நிரல் வெளிப்படையாக உள்ள ஆப்களுக்கு மட்டும் இதைத் திறப்பது நல்லது. ஆக்சசிபிலிட்டி என்பது திரையில் இருப்பதைப் படிக்கும் அனுமதி, ஓடிபி உட்பட.