பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. தடுப்பூசி: போடும் முன்னும் போட்ட பின்னும்

பி.சி.ஜி. தடுப்பூசியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதைப் பெற்றோர் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் மூளைக்காசநோயையும், இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவும் காசநோயையும் அது பெருமளவு தடுக்கிறது. பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயில் அதன் பலன் இடத்துக்கு இடம் மிகவும் வேறுபடுகிறது. ஆகவே ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையில், வீட்டில் வாரக்கணக்கில் இருமுபவரைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடக் கூடாது.

இது உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து. மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, பிரெஞ்சு அறிஞர்களான கால்மெட்டும் கெரேனும் அதன் வீரியத்தைக் குறைத்தனர். 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. (1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததைச் சொல்லி அஞ்சுவோர் உண்டு, அங்கே வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தில் கலந்துவிட்டதுதான் காரணம்.) வீரியம் குறைந்த கிருமியும் எதிர்ப்பாற்றல் இல்லாத உடலில் பரவக்கூடும் என்பதால், சில செய்திகளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாய்க்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறதா, கருவுற்றிருந்தபோது எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளை எடுத்துக்கொண்டாரா, குடும்பத்தில் எதிர்ப்பாற்றல் குறைபாட்டாலோ காரணம் தெரியாமலோ குழந்தைகள் இறந்ததுண்டா என்பவை அவற்றுள் முக்கியமானவை. தாய்க்கு நுரையீரல் காசநோய் இருந்தால், குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை முடிந்த பிறகே ஊசி போடுவது வழக்கம்.

பிறந்தவுடன், அல்லது இயன்ற அளவு விரைவில், பெரும்பாலும் இடது மேற்கையில், தோலுக்குள் 0.05 மி.லி. அளவு மருந்து செலுத்தப்படுகிறது. சரியாகப் போட்டால் அங்கே வெளிறிய சிறு தடிப்பு எழும். அது சற்று நேரத்தில் அமுங்கிவிடும். சில வாரங்களுக்குப் பின் அதே இடத்தில் கொப்புளம் தோன்றி, சீழ் வைத்து, உடைந்து, மெல்ல ஆறித் தழும்பாகும். பெற்றோர் கலங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஆனால் இது எதிர்பார்க்கப்படும் மாற்றமே. புண்ணைப் பிதுக்காமல், களிம்போ மஞ்சளோ பூசாமல், ஒட்டுப்பட்டை போட்டு மூடாமல் விட்டுவிடுவதே சரியான பராமரிப்பு. குளிப்பாட்டலாம், பிறகு மெதுவாக ஒற்றித் துடைத்தால் போதும்.

அதே பக்க அக்குளில் சிறு நெறி கட்டுவதும் உண்டு. அது பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். நெறி வேகமாகப் பெருத்தாலோ, சிவந்து மெத்தென்று ஆனாலோ, புண் மாதக்கணக்கில் ஆறாமல் பரந்தாலோ, காய்ச்சல் நீடித்தாலோ, எடை கூடாமலிருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்பைப் பாதிக்கும் தொற்றும் உடலெங்கும் பரவும் தொற்றும் மிக அரிதானவை என்றாலும், பின்னது ஆபத்தானது. அது பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் குறைபாடுள்ள குழந்தைகளிடமே காணப்படுகிறது.

தழும்பு விழவில்லை என்பதற்காக மறுபடி ஊசி போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. போட்ட தேதியைத் தடுப்பூசி அட்டையில் குறித்து வைத்திருங்கள். பிற்காலத்தில் காசநோய்க்கான தோல் பரிசோதனை செய்ய நேர்ந்தால், இந்த ஊசியாலும் முடிவு நேர்மறையாக வரக்கூடும் என்பதால், மருத்துவர் அதைக் கேட்பார்.