பெருமனைக் குடும்பத்து லேஸின் வயதைச் சரிபார்ப்பது எப்படி

இங்கிலாந்தின் பெருமனைக் குடும்பங்களில், அதாவது பெரும் மாளிகையும் நிலமும் கொண்ட குடும்பங்களில், வீடும் நிலமும் பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போயின. லேஸோ தாயிடமிருந்து மகளுக்கும் மருமகளுக்கும் கைமாறியது. அதனால் வீட்டின் வரலாற்றை வைத்து லேஸின் வயதைச் சொல்ல முடியாது. ‘எலிசபெத் காலத்து லேஸ்’ (முதலாம் எலிசபெத், 16-ஆம் நூற்றாண்டு) என்று குடும்பத்தில் சொல்லி வந்தால், முதலில் லேஸின் நூலிழையைப் பாருங்கள், பிறகு உயில், பட்டியல் போன்ற காகிதத்தைத் தேடுங்கள். இரண்டும் முரண்பட்டால் நூலிழையையே நம்ப வேண்டும்.

கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் லேஸை வைத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். காஜா எடுப்பதுபோல் சிறு சிறு தையல்கள் நெருக்கமாக அமைந்திருந்தால் அது ஊசி லேஸ். நூல்கள் பாய் முடைந்ததுபோலக் குறுக்கும் நெடுக்கும் போனால் பாபின் லேஸ் (பாபின் என்பது நூல் சுற்றிய சிறு கட்டை). டெவன் மாவட்டத்து ஹோனிடன் லேஸ் இந்த இரண்டாம் வகை. அதில் பூக்களைத் தனித்தனியே செய்து பிறகு இணைப்பார்கள்.

அடுத்து, பூக்களைத் தாங்கும் வலையைப் பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். ஜான் ஹீத்கோட் 1808, 1809 ஆண்டுகளில் வலை பின்னும் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் கையால் செய்த பூக்களை இயந்திர வலைமேல் தைப்பது பரவியது. லேஸைத் திருப்பிப் பாருங்கள். அறுகோணங்கள் எல்லாம் அச்சு வார்த்தாற்போல் ஒரே அளவில், இடைவிடாமல் பூவின் பின்னாலும் ஓடினால், அல்லது பூவின் ஓரத்தில் கத்தரித்திருந்தால், அது 1809-க்கு முந்தியதல்ல. பூ கைவேலை என்பதால் மதிப்பு குறைந்துவிடாது. 1840-இல் விக்டோரியா அரசியின் திருமணத்துக்கு வந்த ஹோனிடன் லேஸும் இயந்திர வலைமேல் பூ தைத்ததுதான். நூல் பருத்தியாக இருந்தாலும் எச்சரிக்கை தேவை, ஏனெனில் பழைய வெள்ளை லேஸ் பெரும்பாலும் லினன் (ஆளிச்செடி நார்) நூலில்தான் செய்யப்பட்டது.

உடையின் வயதையும் லேஸின் வயதையும் தனித்தனியே கணியுங்கள். விலைமதிப்புள்ள லேஸைப் பிரித்து அடுத்த உடையில் தைப்பது வழக்கம். விக்டோரியாவின் திருமண லேஸை மகள் பீட்ரிஸ் 1885-இல் தன் திருமணத்தில் அணிந்தார். விளிம்பில் பழைய ஊசித் துளைகள், ஒட்டுப்போட்ட மூலைகள், பாதியில் வெட்டுப்பட்ட பூ இருந்தால் அது மறுபயன்பாட்டின் தடயம்.

இனி காகிதம். கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தில் 1384 முதல் 1858 வரை பதிவான உயில்கள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெருமனைகளின் பொருட்பட்டியல்களையும் தேடுங்கள். ஹார்ட்விக் ஹால் என்ற மாளிகைக்கு 1601-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று உண்டு. பழைய பட்டியல்களில் பாபின் லேஸை ‘போன் லேஸ்’ (எலும்பு லேஸ்) என்றும், ஊசி லேஸைப் பெரும்பாலும் ‘பாயின்ட்’ என்றும் எழுதுவார்கள். அளவு கெஜத்தில் இருக்கும் (1 கெஜம் 91 செ.மீ.). உங்கள் துண்டை அளந்து ஒப்பிடுங்கள். நீளம் குறைந்திருந்தால் வெட்டியிருக்கலாம், கூடியிருந்தால் அது வேறு லேஸாக இருக்கலாம். குடும்ப ஓவியம் தனியாகச் சான்றாகாது, தோற்றம் ஏமாற்றலாம். லேஸ் எவ்வளவு நுட்பமாகப் போலியாகும் என்பதற்கு, மரச்சிற்பி கிரின்லிங் கிப்பன்ஸ் செதுக்கியதாகக் கருதப்படும் மரக் கழுத்துப்பட்டி ஒன்றே போதும். வெனிஸ் லேஸைப்போல் இருக்கும் அதை எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1769-இல் விருந்தினர் முன் அணிந்து நின்றார்.

வெண்மையாக்கும் ஆசையில் பிளீச்சைத் தொடாதீர்கள், நூல் உளுத்துப்போகும். கறுப்பு லேஸையும் பட்டு லேஸையும் வீட்டில் நனைக்கவே வேண்டாம். கறுப்புச் சாயத்தில் இரும்பு இருந்தால் நூல் ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருக்கும். உறுதியான வெள்ளை லினனை மட்டும் இரண்டு நைலான் வலைகளுக்கிடையே வைத்து, வெதுவெதுப்பான கனிமம் நீக்கிய நீரில் முக்கி எடுக்கலாம். ஈர லேஸைத் தனியாகத் தூக்கினால் தன் எடையிலேயே கிழியும். துருப்பிடிக்காத ஊசிகளால் விளிம்பை மட்டும் நிறுத்தி, நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி போடக் கூடாது, அது வெள்ளிமீன் பூச்சியை அழைக்கும். உலர்ந்ததும் அமிலமற்ற தாள் சுற்றிய குழாயில் மடிப்பில்லாமல் சுருட்டி, இருட்டான இடத்தில் வையுங்கள். மடித்த கோட்டில்தான் நூல் முதலில் அறும்.