பி.எஃப். பாஸ்புக்கை நீங்களே பார்ப்பது எப்படி?

மதுரையில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவரோ, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நிற்பவரோ, "மாசாமாசம் பி.எஃப். பிடிக்கிறாங்க" என்பார். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நின்று உழைத்த காசு அது. கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் யூ.ஏ.என். என்ற, உங்கள் பி.எஃப்.புக்கான 12 இலக்க எண் வேண்டும். சம்பளச் சீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் கம்பெனியில் கேளுங்கள். வேலை மாறினாலும் இந்த எண் மாறாது. புது இடத்தில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு இன்னொரு எண் விழுந்துவிட்டால், இரண்டையும் சேர்க்க அலைய வேண்டிவரும்.

அடுத்து, உமங் என்ற அரசுச் செயலியை இறக்கி, இ.பி.எஃப்.ஓ. (பி.எஃப்.பை நடத்தும் அமைப்பு) பகுதிக்குள் போய் அந்த எண்ணை ஆக்டிவேட் செய்யுங்கள். ஆதாரோடு இணைத்த மொபைல் கையில் இருக்கட்டும். நம் ஊரில் இங்கேதான் பலருக்குச் சிக்கும், காரணம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், கம்பெனி கொடுத்த பெயரில் ஒற்றை எழுத்து மட்டும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிறகு பணம் எடுக்கும்போது நிறுத்திவிடுவார்கள். அவசரம் இல்லாத இப்போதே நீங்களும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் ஜாயின்ட் டிக்ளரேஷன் மூலம் திருத்திக்கொள்ளுங்கள்.

சரி, அதே செயலியில் பாஸ்புக்கைத் திறந்தாயிற்று. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் 1,800 போட வேண்டும். அவர் பங்கில் 8.33 சதவீதம், 1,250 ரூபாய், பென்ஷனுக்குப் போகும். மீதி 550 உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும். ஆக ஒவ்வொரு மாதத்துக்கு நேராகவும் 1,800, 550, 1,250 என்று மூன்று தொகை தெரிய வேண்டும். "முதலாளி 550தான் போட்டிருக்கார்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் அந்த மூன்றாவது கட்டத்தைப் பார்ப்பதில்லை. பி.எஃப். பணத்துக்கு 2024-25இல் 8.25 சதவீதம் வட்டி. பென்ஷன் கட்டத்தில் வட்டி ஏறாது. 10 வருஷ சர்வீஸ் இருந்தால் மாதப் பென்ஷனாக வரும். அதனால் வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

அப்புறம் நாமினி. தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால், பி.எஃப். தொகையோடு இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். அதற்கு நம் கையிலிருந்து ஒரு பைசா பிடிப்பதில்லை. நாமினி இல்லாத வீட்டில், துக்கத்துக்கு நடுவே வாரிசுச் சான்றிதழுக்காக தாலுகா ஆபீஸில் நிற்க வேண்டியிருக்கும். ஆன்லைனிலேயே குடும்பத்தினர் ஆதார், போட்டோ கொடுத்து, கடைசியில் இ-சைன் (மின்கையெழுத்து) வரை முடியுங்கள். சேமித்ததோடு விட்டால் அது பதிவாகாது. கல்யாணம் ஆனவர்கள் பழைய நாமினியை மாற்றிவிடுங்கள்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டையும் பார்க்க வேண்டும். உங்கள் பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 சதவீதம். கார்டை வாங்கி, வீட்டில் உள்ளவர்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். அதற்குப் பிறகும் பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால், முதலில் கணக்குப் பிரிவில் கேளுங்கள். சரியான பதில் இல்லாவிட்டால் இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர் இணையதளத்தில் புகார் பதியுங்கள், அல்லது லேடி டோக் கல்லூரி சாலையில் இருக்கும் பி.எஃப். அலுவலகத்துக்கு நேரில் போங்கள். போகும்போது பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டு, அந்த மாத பாஸ்புக் பக்கம், ஆதார் மூன்றையும் நகலோடு எடுத்துக்கொள்ளுங்கள்.