சாதா பெட்ரோல் இன்ஜினுக்கு டர்போ: முதலில் ஈசியூ, கடைசியில் பூஸ்ட்

டர்போ (இன்ஜின் புகையால் சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்தித் தரும் கருவி) மாட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டர்போவைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அங்கேயே வேலை தலைகீழாகிவிடுகிறது. தனி ஈசியூ (பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் வால்வு), வைட்பேண்ட் சென்சார் (புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளப்பது) மூன்றையும் முதலில் போட்டு, டர்போ இல்லாமலேயே வண்டியை ஒழுங்காக ஓட வையுங்கள். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆக வேண்டும், ஏசி போட்டாலும் ஐடிலிங் ஆடக் கூடாது. அந்த நிலை வந்தபின் டர்போவை மாட்டினால், எந்தக் கோளாறு வந்தாலும் காரணம் புதிதாக மாட்டியதில்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டினால் எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாது.

இது டிராக் வண்டிக்கான வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. பாலக்காட்டிலிருந்து கோவை செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்குக்கு வருகிறவர்கள் வண்டியை லாரியில் ஏற்றியே வாளையாறு தாண்டுங்கள்.

கணக்குக்கு 1.6 லிட்டர், 115 குதிரைத்திறன், 9.4 கம்ப்ரெஷன் விகிதம் உள்ள இன்ஜினை எடுத்துக்கொள்வோம். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் வந்தது இந்த வகைதான். உள்ளே பிஸ்டன், ராடு எதையும் மாற்றாமல் 0.5 பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) வைத்தால் 160, 170 குதிரைத்திறன் எதிர்பார்க்கலாம். அதற்குமேல் ஆசைப்பட்டால் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய, உறுதியான) பிஸ்டன் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனை. நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இன்ஜினுக்கு டர்போ வேண்டாம். லீக்டவுன் டெஸ்டும் (சிலிண்டருக்குள் காற்று ஏற்றிக் கசிவு பார்ப்பது) செய்தால், காற்று ரிங் வழியாகப் போகிறதா வால்வு வழியாகப் போகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்ஜெக்டர் அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 170 குதிரைத்திறனை 0.6 ஆல் (ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஆகும் பெட்ரோல், பவுண்டில்) பெருக்கினால் மணிக்கு 102 பவுண்டு பெட்ரோல். நான்கு இன்ஜெக்டர், 80 சதவீத டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்) என்று வகுத்தால் ஒன்றுக்கு 32 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 335 சிசி. நம் பங்க்குகளில் வருவது ஈ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோல் என்பதால் இன்னும் 8 சதவீதம் கூட்டுங்கள், 360-ஐத் தாண்டும். கொஞ்சம் இடம் விட்டு 440 சிசி வாங்குவது சரி. டேங்கில் மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் போதும். ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) ஹோஸ் கட்டாயம் வேண்டும். பூஸ்ட் ஏறும் அளவுக்கே ஃப்யூவல் பிரஷரும் ஏற வேண்டும். வைட்பேண்ட் மீட்டரை லாம்டாவில் (சரியான கலவையை 1 என்று கொள்ளும் அளவு) படியுங்கள். 14.7 என்ற காற்று-பெட்ரோல் விகிதம் எத்தனால் கலக்காத பெட்ரோலின் கணக்கு, ஈ20-க்கு அது 13.5 பக்கம் வந்துவிடும். லாம்டா 1 எந்தப் பெட்ரோலுக்கும் 1-தான். முழு பூஸ்டில் 0.78 முதல் 0.80 வரை இருக்கட்டும். கம்பெனி மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) பூஸ்டைப் படிக்காது, 2.5 அல்லது 3 பார் சென்சார் போடுங்கள்.

டர்போவுக்கு வருவோம். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் டீசல் கார் டர்போ மலிவாகக் கிடைக்கும் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். டீசல் புகையின் சூடு பொதுவாக 850 டிகிரிக்குள் அடங்கும். பெட்ரோலில் முழு லோடில் 950-ஐத் தாண்டும். டீசலுக்கென்று செய்த டர்பைன் ஹவுசிங் (புகை பாயும் பக்கத்து உறை) அந்தச் சூட்டில் விரிசல் விடும். மேலும் 1.3 டீசலின் சின்ன டர்போ, 7000 சுற்று போகும் 1.6 பெட்ரோலின் தொண்டையை அடைத்துவிடும். காரெட் ஜிடி2554ஆர் அளவுள்ள டர்போ இந்த இன்ஜினுக்குப் பொருந்தும்.

புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கோவை லேத் பட்டறைகளில் நன்றாகவே செய்து தருவார்கள், ஆனால் சில விஷயங்களை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். ஃபிளாஞ்ச் (ஹெட்டில் பொருந்தும் தகடு) 12 மி.மீ. தடிமன். வெல்டிங் முடியும்வரை அது ஒரு பழைய ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கியே இருக்க வேண்டும், ஆறியபின்தான் கழற்ற வேண்டும். அப்படியும் வளையும், அதனால் கடைசியில் முகத்தை மில்லிங் போட்டுத் தட்டையாக்கச் சொல்லுங்கள். டர்போவின் எடை முழுவதையும் வெல்டில் தொங்க விடாமல் பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுங்கள். இது இல்லாத மேனிஃபோல்டு சேரும் இடத்தில் விரிசல் விடுவது சகஜம்.

ஆயில் லைனில்தான் பலர் சறுக்குகிறார்கள். உள்ளே போகும் குழாய் சிறியது. பால் பேரிங் டர்போ என்றால் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். வெளியே வரும் குழாய் அரை அங்குலத்துக்குக் குறையாமல், எங்கும் மேலே ஏறாமல், நேராகக் கீழிறங்கி, சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். டர்போவின் சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரியானது. ஆயில் தானாக வடிந்தால்தான் அது வேலை செய்யும். ஐடிலிங்கில் நின்றபின் நீலப் புகை வந்தால் டர்போவைக் கழற்றுமுன் இந்த வடிகுழாயைப் பாருங்கள், பாதிக்கு மேல் குற்றவாளி அதுதான்.

பிசிவி லைனில் (சம்ப்பின் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) செக் வால்வு, அதாவது ஒருவழி வால்வு, போடுங்கள். இல்லையென்றால் பூஸ்ட் சம்ப்புக்குள் புகுந்து டிப்ஸ்டிக்கைத் துப்பிவிடும்.

கோடையில் 35 டிகிரி காற்றை 0.5 பாருக்கு அழுத்தினால் கம்ப்ரசரை விட்டு வரும்போது 90 டிகிரி ஆகிவிடும். நல்ல இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) அதை 50-க்குக் கொண்டுவரும். அதை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்து, காற்று பக்கவாட்டில் நழுவாமல் தகடு அடையுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்ததாக (என்ஜிகே என்றால் 6-க்குப் பதில் 7), இடைவெளி 0.7 மி.மீ. பழைய 1.1-ஐ விட்டால் பூஸ்டில் தீப்பொறி அணைந்து மிஸ் அடிக்கும்.

எல்லாம் மாட்டியதும் டர்போ வாயை அடைத்து, 0.7 பார் காற்று ஏற்றி, ஒவ்வொரு கிளாம்ப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். பிறகு இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். வறண்ட பேரிங்கோடு ஸ்டார்ட் செய்தால் டர்போவின் ஆயுள் அன்றே பாதியாகிவிடும்.

டைமிங் லைட் வைத்து, தீப்பொறி விழும் நேரத்துக்கு (டைமிங்) ஈசியூ காட்டும் டிகிரியும் கிராங்க் கப்பியில் தெரியும் டிகிரியும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பூஸ்டில் ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி வீதம் டைமிங்கைக் குறைத்துத் தொடங்குவது பாதுகாப்பு. முதலில் வேஸ்ட்கேட்டில் (கூடுதல் புகையைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) 0.3 பார் ஸ்பிரிங், மூன்றாம் கியர், 2500 சுற்றிலிருந்து முழு ஆக்சிலேட்டர். நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது) கேட்க ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கித் துளையிட்டு, பிளாக்கின் நடுவில் போல்ட் போட்டு, மறுமுனையை ரப்பர் ஹோஸால் காது மூடியில் இணையுங்கள். தகரக் கூரையில் பொடிக்கல் விழுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டால் உடனே காலை எடுங்கள். பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைவது இந்த நாக்கிங்கால்தான், பூஸ்ட் அளவால் அல்ல.

வேஸ்ட்கேட் ஹோஸ் கழன்றால் பூஸ்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறும். ஈசியூவில் 0.6 பாருக்கு மேல் ஃப்யூவல் கட் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள். முதல் நாளில் இன்ஜின் ஆறியபின் மேனிஃபோல்டு நட்டுகளை மீண்டும் இறுக்கி, பிளக்குகளைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் பளபளக்கும் அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். டைமிங்கையும் ஃப்யூவலையும் திருத்தி, கம்ப்ரெஷன் மறுபடி பார்க்கும்வரை அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.