முதல் கார் வாங்குகிறீர்களா? மாதத் தவணையைக் கடைசியாகக் கேளுங்கள்

நம்ம திருநெல்வேலிப் பக்கம் "கார் நடவு முடிஞ்சுதா?" என்றால் அது கார்ப் பருவ நெல்லைப் பற்றிய கேள்வி. இங்கே பேசப்போவது நாலு சக்கரக் காரைப் பற்றி.

வண்ணாரப்பேட்டையோ பாளையங்கோட்டையோ, எந்த ஷோரூமுக்குள் போனாலும் உட்கார வைத்து டீ கொடுத்ததும் வருகிற கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, மாசம் எம்புட்டு கட்ட முடியும்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்." இதற்குப் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் பத்தாயிரம் என்றால், எந்த வண்டியையும் அந்தப் பத்தாயிரத்துக்குள் அடக்கிவிடலாம். வருஷத்தை இழுத்தால் போதும். "முதல்ல ஆன்-ரோடு கொட்டேஷன், அதாவது வண்டி ரோட்டுக்கு வர ஆகுற மொத்த விலைப் பட்டியல் குடுங்க, ஒவ்வொரு செலவும் தனித்தனியா வேணும்" என்று கேளுங்கள்.

படி 1: கொட்டேஷனை வரிவரியாகப் படிப்பது

ஷோரூம் விலை 8,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொட்டேஷன் ஏறக்குறைய இப்படி வரும்:

ஷோரூம் விலை: 8,00,000
ஆயுள் வரி, 13 சதவீதம்: 1,04,000
இன்சூரன்ஸ்: 38,000
பதிவுச் செலவு: 6,000
கூடுதல் வாரண்டி: 14,000
ஆக்சசரி கிட்: 24,000
ஹேண்ட்லிங் சார்ஜ்: 7,500
மொத்தம்: 9,93,500

ஆயுள் வரியில் பேரம் கிடையாது. 2023 நவம்பரில் தமிழக அரசு உயர்த்தியபடி 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். 9.9 லட்சத்து வண்டிக்கும் 10.1 லட்சத்து வண்டிக்கும் விலையில் இருபதாயிரம்தான் வித்தியாசம். வரியிலோ ஐம்பதாயிரத்துக்கு மேல். அந்த எல்லையில் நிற்கிற மாடலுக்கு ஒரு வேரியண்ட் கீழே இறங்குவது புத்திசாலித்தனம். 10 லட்சம் தாண்டினால் டி.சி.எஸ். என்று, விற்பவரே வாங்கிக் கட்டும் வருமான வரி 1 சதவீதம் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதிவுச் செலவில் மத்திய அரசு விதிப்படி காருக்குக் கட்டணம் 600, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) கடன் குறிப்பு ஏற்ற 1,500, ஸ்மார்ட் கார்டு 200. இதோடு சாலைப் பாதுகாப்பு வரி மாதிரி சில சேரும். "ஆர்.டி.ஓ. செலவு 15,000" என்று மொத்தமாக ஒரு தொகை இருந்தால், ரசீது தருவீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே தொகை இறங்கும்.

ஹேண்ட்லிங் சார்ஜ் எந்தச் சட்டத்திலும் இல்லாத தொகை. அடித்துவிடச் சொல்லுங்கள். ஆக்சசரி கிட்டில் உள்ள மேட்டும் சீட் கவரும் வெளியே குறைந்த விலைக்குக் கிடைக்கும். கூடுதல் வாரண்டியை, கம்பெனி வாரண்டி முடிவதற்குள் பிறகும் வாங்கலாம், விலை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும். இந்த மூன்றையும் நீக்கினால் 45,500 மிச்சம்.

படி 2: இன்சூரன்ஸ்

ஷோரூமில்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே ஒரு விலை வாங்கி வந்து காட்டினாலே இவர்களும் குறைப்பார்கள். ஒப்பிடும்போது இரண்டிலும் ஐ.டி.வி. தொகை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு, ஒன்றுதானா என்று பாருங்கள். அதைக் குறைத்துப் போட்டுத்தான் பல இடங்களில் பிரீமியத்தை மலிவாகக் காட்டுவார்கள். புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும், சொந்தச் சேதக் காப்பீடு வருஷா வருஷம்.

ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர், இல்லாவிட்டால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் உங்கள் கையிலிருந்துதான். முதல் சில வருஷம் இதை விடாதீர்கள்.

இன்னொன்று, என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியிலேயே வரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுத் திருகினால், சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவை, இந்தக் கூடுதல் கவர் இல்லாவிட்டால், கம்பெனி தராது. கவர் இருந்தாலும் முழுகின வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

படி 3: கடன்

அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இது. "முக்கா வட்டிதான் அண்ணாச்சி" என்பார்கள். நூத்துக்கு மாசம் 75 பைசா, வருஷத்துக்கு 9 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது கடைசி வரை முழுக் கடனுக்கும் போடும் ஃபிளாட் வட்டியா, குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் போடும் வட்டியா?

5 லட்சம், 5 வருஷம், 9 சதவீதம் ஃபிளாட் என்றால் வருஷம் 45,000 வீதம் வட்டி 2,25,000. தவணை 12,083. நாலு வருஷம் கட்டி முடித்த பிறகும் முழு 5 லட்சத்துக்கே வட்டி போகிறது. அதே 9 சதவீதம் குறையும் பாக்கிக்கு என்றால் தவணை 10,379, மொத்த வட்டி சுமார் 1,22,750. ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்! அந்த ஃபிளாட் 9 உண்மையில் 15.7 சதவீத வட்டிக்குச் சமம்.

தவணை கூடுகிறதே என்று இந்த இரண்டாவது கடனை 7 வருஷத்துக்கு நீட்டினால் 8,045 ஆகக் குறையும், வட்டி மட்டும் 53,000 கூடும். ஐந்து வருஷத்துக்கு மேல் போகாதீர்கள். அதற்குள் கட்ட முடியாத கார் என்றால் சின்னக் காரைப் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கே.எஃப்.எஸ். என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியும். 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஏ.பி.ஆர். என்ற எண், வட்டியோடு பிராசசிங் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். கடனோடு ஆயுள் காப்பீட்டை நுழைத்திருந்தால் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். முன்கூட்டி அடைத்தால் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்பதையும் அங்கேயே பாருங்கள்.

பிசான நெல் அறுப்பு, வாழை வெட்டு என்று வருமானம் மொத்தமாக வருகிறவர்கள் மூன்று தவணையைத் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். ஒரு தவணை தவறினால் உங்கள் வங்கியும் அபராதம் பிடிக்கும், கடன் கொடுத்தவரும் பிடிப்பார், சிபில் கடன் மதிப்பெண்ணும் இறங்கும்.

படி 4: பதிவுக்கு முன் வண்டியைப் பார்ப்பது

டி.என். 72 எண் விழுந்த பிறகு வண்டியை மாற்றிக் கேட்க முடியாது. அதற்கு முன்பே வண்டிகளை நிறுத்தியிருக்கும் யார்டுக்குப் போய், வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். கார் கம்பெனி தரும் படிவம் 22-ல் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம்: 2325 என்றால் 2025-ஆம் வருஷம் 23-வது வாரம். டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் எடுத்தால், விற்கும்போது ஒரு வருஷம் பழையதாகத்தான் விலை பேசுவார்கள்; அந்த நஷ்டத்தை இப்போதே தள்ளுபடியாகக் கேளுங்கள்.

ஆடிச் சலுகை வேண்டும், ஆடியில் வண்டி எடுக்கவும் மனசில்லை என்றால், ஆடிக்குள் பில் போட்டுவிட்டு டெலிவரியை ஆவணிக்குக் கேட்கலாம். பலரும் ஒத்துக்கொள்வார்கள், எழுத்தில் வாங்குங்கள்.

படி 5: கடைசித் தவணைக்குப் பிறகு

பணம் கட்டி முடித்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் தானாகப் போகாது. வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35-ம் வாங்கி, சான்றில் போட்டிருக்கும் தேதி காலாவதியாவதற்குள் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து நீக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் அதே பெயர் இருக்கும். அதையும் எடுக்கச் சொல்லிவிடுங்கள்; இல்லையென்றால் வண்டி மொத்தமாகப் போனால் வரும் காசோலை வங்கியின் பெயருக்கே போகும்.