ரியூப்பின் வாலில் ஒரு திகதி

முழங்கை இரண்டிலும் கெண்டைக்காலிலும் எனக்குச் சொரியாசிஸ், தோல் தடித்துச் செதில் செதிலாக வாற வருத்தம். ஒன்பது வருசமாக, விட்டுவிட்டு, கல்சிபொற்றியோல் பூசுறன். "இவ்வளவு காலம் பூசினால் உடம்புக்குக் கூடாதே?" என்று கொக்குவிலில் என்னைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. இது ஸ்டீரோயிட் மாதிரித் தோலை மெலிய வைக்காது. பார்க்க வேண்டியது அளவை.

விற்றமின் டி வகை மருந்து என்றபடியால், தோலுக்குள்ளால் கூடப் போனால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். கிராமுக்கு 50 மைக்ரோகிராம் உள்ள ஒயின்மென்ற், வளர்ந்தவருக்குக் கிழமைக்கு 100 கிராமைத் தாண்டக்கூடாது. இதே மருந்து தலைக்குப் பூசுகிற தண்ணியாகவும் இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லி அளவு கேளுங்கோ.

சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் அரைக் கிராம். அது விரலோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். எனக்கு நாலு உள்ளங்கை. காலையும் இரவும் பூச நாளுக்கு 2 கிராம், 30 கிராம் ரியூப் 15 நாள். திறக்கிற அன்றே ரியூப்பின் வாலில் போல்பேனையால் திகதி எழுதுவன். ஒருக்கா ஒன்பதாம் நாளே ரியூப் சுருண்டு போச்சு. பார்த்தால், சுற்றியிருந்த நல்ல தோலுக்கும் தேய்த்திருக்கிறன்.

தொடக்கத்தில், செதில் கழரவென்று தந்த சலிசிலிக் அமில ஒயின்மென்றுக்கு மேலேயே இதையும் பூசினன். இரண்டு மாசம் ஒரு மாற்றமும் இல்லை. அந்த அமிலம் கல்சிபொற்றியோலைச் சிதைத்துப்போடும் என்று பிறகு ஒரு பாமசி அண்ணைதான் சொன்னவர். தந்த இடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு மாசத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் வேகுது.

பூசினதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கோ, முகத்தில் பட்டால் எரியும். பூசின இடத்தைக் கொளுத்துற வெய்யிலில் காட்டாதேங்கோ. ஒளிச் சிகிச்சை எடுக்கிறவை அது முடிந்த பிறகு பூச வேணும்.

சித்திரை வெய்யிலில் இங்கே எல்லாருக்கும் தாகம்தான். தாகத்தோடு அடிக்கடி சலம், மலச்சிக்கல், ஓங்காளம், சோர்வு என்று சேர்ந்து வந்தால் பூசுறதை நிறுத்தி, டொக்டரிடம் காட்டி இரத்தத்தில் கல்சியம் பாருங்கோ. அளவு கூடி ஏறின கல்சியம், மருந்தை நிறுத்தப் பெரும்பாலும் இறங்கிவிடும். சிறுநீரக வருத்தம் உள்ளவை தொடங்கமுன்னமே சொல்ல வேணும்.

போன மாசம் மூட்டு நோவுக்குக் கிளினிக்கில் கல்சியம் குளிசை எழுத வெளிக்கிட்டினம். கைப்பைக்குள் இருந்த ரியூப்பை எடுத்து, திகதி தெரிய மேசையில் வைச்சன்.