அனிமேயின் முடிவு மங்காவை விட்டு விலகினால்: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

வாரக்கணக்கில் காத்திருந்து பார்த்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்), அதற்கு மூலமான மங்காவில் (ஜப்பானியக் காமிக்ஸில்) இல்லாத ஒரு முடிவோடு நின்றுவிட்டால், பெரும்பாலோர் மங்காவின் இறுதி அத்தியாயத்தை மட்டும் தேடிப் படிக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்தக் கதையையே தலைமுழுகிவிடுகிறார்கள். இரண்டிலும் நட்டம் பார்வையாளருக்குத்தான். இடையில் உள்ளதைப் படிக்காமல் இறுதி அத்தியாயத்தைத் திறப்பவருக்கு அதில் வருவோரில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. உருப்படியாகச் செய்யக்கூடியவற்றைக் கீழே சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளுக்காகச் சில கதைகளின் திருப்பங்களை வெளிப்படுத்தத்தான் வேண்டியிருக்கிறது.

முதலில், அனிமே ஏன் விலகியது என்பதைக் கண்டுபிடியுங்கள். மங்கா முடிந்த ஆண்டையும் அனிமே ஒளிபரப்பான ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஹிரோமு அரகாவாவின் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 2001இல் ஒரு மாத இதழில் தொடங்கி 2010இல்தான் முடிந்தது. அதன் முதல் அனிமேயோ 2003 அக்டோபரில் தொடங்கி, 51 எபிசோடுகளில், ஒரே ஆண்டில் முடிந்துவிட்டது. மாதம் ஓர் அத்தியாயம் வரும் கதையை வாரம் ஓர் எபிசோடாக எடுத்தால் கையிருப்பு தீர்ந்துபோகும் என்பதால், அரகாவாவின் சம்மதத்தோடே அது தனிவழியில் போனது.

இத்தகைய முடிவை மங்காவோடு வரிக்கு வரி ஒப்பிடுவதில் பயனில்லை. அனிமே தானே போட்டுக்கொண்ட அடித்தளத்திலிருந்து அந்த முடிவு பிறக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மங்காவில் ஹோமன்குலஸ்கள் (எதிரிகளாக வரும் செயற்கை மனிதர்கள்) ‘தந்தை’ எனப்படும் ஒரே உயிரிலிருந்து பிரிந்து வந்தவை. 2003 அனிமேயிலோ, இறந்தவர்களை ரசவாதத்தால் மீட்க முயன்று தோற்ற மனிதர்களின் கையிலிருந்தே அவை பிறக்கின்றன. அதாவது, எதிரில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் தீராத துக்கம் இருக்கிறது. கதாநாயகர்களான சகோதரர்களின் எதிரிகளில் ஒன்று அவர்களுடைய தாயின் முகத்தோடே வருகிறது. அந்தக் கதைக்கு எளிதான மகிழ்ச்சியான முடிவு பொருந்தாது என்பதையும், அண்ணனும் தம்பியும் இரு வேறு உலகங்களில் பிரிந்து நிற்பது திடீரென ஒட்டவைத்தது அல்ல என்பதையும் இந்த ஒரு மாற்றமே விளக்கிவிடுகிறது. ரசவாதம் திறக்கும் கதவுக்கு அப்பால் நம்முடைய உலகமே இருக்கிறது என்ற திருப்பம் எனக்கு இன்றும் முழுதாக ஒட்டவில்லை. ஆனாலும் அதை அரைகுறை வேலை என்று சொல்ல மாட்டேன்.

தி ப்ராமிஸ்ட் நெவர்லேண்டின் இரண்டாம் சீசனுக்கு இந்தச் சலுகை கிடையாது. மங்கா 20 தொகுதிகளோடு 2020 ஜூனிலேயே தொடர்கதையாக முடிந்துவிட்டது. 2021 ஜனவரியில் தொடங்கிய இரண்டாம் சீசனோ எஞ்சிய கதையை 11 எபிசோடுகளில் அடைக்கப் பார்த்தது. வாசகர்கள் பெரிதும் கொண்டாடிய கோல்டி பாண்ட் பகுதி அப்படியே காணாமற்போனது; கடைசி எபிசோடின் முடிவில், பல தொகுதிகளுக்குரிய நிகழ்வுகள் அசையாத படங்களாக நகர்ந்து போயின. இங்கே கோபம் நியாயமானதே. ஆனால் எத்தனை எபிசோடுகள் என்பதை முடிவு செய்வோர் வேறு, படம் வரைவோர் வேறு என்பதால், அனிமேட்டர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

அடுத்த வேலை, பிரிந்த இடத்தைக் கண்டறிவது. முடிவு மாறியிருக்கிறது என்றால் அதற்கு வெகு முன்பே ஏதோ ஒரு பாத்திரமோ இடமோ விடுபட்டிருக்கும். நெவர்லேண்டில் அந்த இடம் நிலத்தடிப் புகலிடம். மங்காவில், வளர்ப்பு இல்லத்திலிருந்து தப்பிய பிள்ளைகள் அங்கே நுழையும்போது யூகோ என்ற முரட்டு மனிதர் ஏற்கெனவே குடியிருக்கிறார். அனிமேயிலோ அவர் இல்லவே இல்லை. அவரோடு சேர்ந்து அவர் இட்டுச் செல்லும் கதையும் போய்விட்டது. இப்படித் தேடும்போது ரசிகர்களின் விக்கிகளில் அத்தியாய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். பாத்திரங்களுக்கான பக்கங்கள் யார் எப்போது சாகிறார்கள் என்பதை முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிடும்.

பிரிந்த இடத்திலிருந்தே படிக்கத் தொடங்கலாமா என்றால், சற்று முன்பிருந்து தொடங்குவதே நல்லது. நெவர்லேண்டின் முதல் சீசன் 37ஆம் அத்தியாயத்தோடு முடிவதால் ஐந்தாம் தொகுதியை எடுத்தால் கணக்குச் சரியாக இருக்கும். ஆனால் அந்த நல்ல சீசனும்கூட முதன்மைப் பிள்ளைகளான எம்மா, நார்மன், ரே ஆகியோரின் மனவோட்டங்களில் பலவற்றை விட்டுவிட்டது. நேரமிருந்தால் முதல் தொகுதியிலிருந்தே படியுங்கள்.

மறு ஆக்கம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2001இல் 26 எபிசோடுகளோடு நின்றுபோன ஃப்ரூட்ஸ் பாஸ்கெட், 2019 முதல் 2021 வரை மீண்டும் எடுக்கப்பட்டு, மங்காவின் முடிவு வரை போனது. 2009இல் தொடங்கிய ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்டும் 64 எபிசோடுகளில் மங்காவின் முடிவைத் தொட்டது, ஆனால் முந்தைய அனிமே காட்டிவிட்ட தொடக்கப் பகுதிகளை அது ஓட்டமாகக் கடப்பதால், மங்காவின் முதல் சில தொகுதிகளைப் படித்துவிட்டு அதற்குப் போவது உத்தமம்.

டோக்கியோ கூலில் மட்டும் வரிசை தவறினால் திண்டாட வேண்டியிருக்கும். 2015இல் வந்த இரண்டாம் சீசன் கதாநாயகன் கனேகியை, அவன் மங்காவில் சேராத ஆவோகிரி கும்பலோடு சேர்த்துவிட்டது; 2018இல் ‘ரீ’ என்ற பெயரோடு வந்த அடுத்த சீசனோ அந்த மாற்றத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் மங்காவின் நிகழ்வுகளையே பற்றிக்கொண்டு தொடர்கிறது. எனவே இரண்டாம் சீசன் முடிந்ததும் நேரே ரீ சீசனுக்குப் போகாமல், நடுவில், ‘ரீ’க்கு முந்தைய முதல் மங்காவின் 14 தொகுதிகளையும் படித்துவிடுங்கள்.